பரி போனபின் நரி வரலாமா?

160.86 ஏக்கர் நிலத்துக்கு ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட விழாது. சென்னை கிண்டியில் மெட்ராஸ் ரேஸ் கிளப்பிடம் இருந்துவந்த அரசு நிலத்தின் குத்தகைக் கணக்கு இது. 1945 ஏப்ரல் தொடங்கி 99 ஆண்டுகளுக்கு எழுதித் தரப்பட்ட அந்தக் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழக அரசு ரத்து செய்தது. அதிகாரிகள் வளாகத்துக்குச் சீல் வைத்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஜூனில், இதே கிளப் வைத்திருந்த உதகை ரேஸ்கோர்ஸ் நிலம் 52.34 ஏக்கரும் மீட்கப்பட்டது. கிண்டிக்கு 730 கோடி ரூபாய், உதகைக்கு 822 கோடி ரூபாய் வாடகை பாக்கி என்பது அரசுத் தரப்புக் கணக்கு.

இந்த நடவடிக்கையைப் பெரும்பாலோர் வரவேற்றார்கள், வரவேற்க வேண்டியதுதான். கிளப் நீதிமன்றம் சென்றது. குத்தகை ரத்து, குளம் வெட்டுவது என்று வழக்குகள் கிளைவிட்டன. அவை எப்படி முடிந்தாலும், அதற்கு அப்பால் ஒரு கேள்வி இருக்கிறது. கிண்டியின் கதையைத் தொடக்கத்திலிருந்து படித்தால், அது ஒரு வெட்டவெளியின் கதையாகத் தெரிகிறது. குதிரை ஓட வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, சுற்றிலும் நகரம் நெருக்கியடித்து வளர்ந்தபோதும் அங்கே ஓடுபாதைக்குள் கட்டடம் எழும்பவில்லை. பணக்காரர்களின் பொழுதுபோக்கு ஒன்று, தானறியாமல் பொதுநிலத்துக்குக் காவல் இருந்திருக்கிறது. அந்தக் காவல் விலகும் நாளில் யார் காவல் இருக்கப்போகிறார்கள்?

பரங்கிமலைப் பட்டாளமும் சம்பள நாளும்

இந்தியாவின் மிகப் பழைய ரேஸ்கோர்ஸ் என்று கிண்டியைச் சொல்வது வழக்கம். 1777-ஐத் தொடக்க ஆண்டாகக் குறிக்கிறார்கள். அதற்கு மூன்று ஆண்டு கழித்துத்தான் ஹைதர் அலியின் படை பொள்ளிலூரில் கும்பெனிப் படையை முறியடித்தது. சென்னைப் பட்டணத்து ஆங்கிலேயர்களின் ஆட்சி இன்னும் உறுதிப்படாத காலம் அது. ஆனாலும் பரங்கிமலையில் பட்டாளம் இருந்தது. பட்டாளத்து அதிகாரிகளிடம் குதிரை இருந்தது. குதிரை இருந்த இடத்தில் பந்தயமும் வந்துவிட்டது. பின்னாளில் ஆளுநரின் தோட்ட மாளிகையும் அவருடைய வேட்டைக் காடும் பக்கத்திலேயே அமைந்தன. துரைமார்களின் ஓய்வுக்கான பகுதியாகக் கிண்டி ஆகிப்போனது.

தொடக்கத்தில் ஓடியவை பெரும்பாலும் அரபுக் குதிரைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ‘வேலர்’ குதிரைகள் சென்னைத் துறைமுகம் வழியாகவும் இந்தியப் பட்டாளங்களுக்குப் போயின. மெட்ராஸ் ரேஸ் கிளப் முறையாக உருவானது 1896-ல். அதன்பிறகு ஜமீன்தார்கள், சமஸ்தானாதிபதிகள், ஆலை முதலாளிகள் என்று குதிரை உரிமையாளர்களின் நிறம் மெல்ல மாறியது. செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமி காலத்தில் அவருடைய குதிரைகள் நாடெங்கும் நூற்றுக்கணக்கான கிளாசிக் பந்தயங்களை வென்றன. ஓடுபாதைக்கு நடுவே இருந்த திடலும் சும்மா கிடக்கவில்லை. அங்கே ஜிம்கானா கிளப் உறுப்பினர்கள் கோல்ஃப் ஆடினார்கள். பொது நிலம் ஒன்று, கிளப்புக்குள் கிளப்பாக மூடிக்கிடந்தது.

ஆனால், ரேஸ் என்றால் கோட்டுப் போட்ட கூட்டம் மட்டுமா? 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், கிண்டி ஸ்டேஷன் எல்லாருக்கும் எட்டும் தூரமானது. குமாஸ்தா, பெட்டிக்கடைக்காரர், ஆலைத் தொழிலாளி என்று பலதரப்பட்டவர்களும் ரேஸ் புத்தகத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார்கள். எந்தக் குதிரை, எந்த ஜாக்கி, எவ்வளவு எடை என்று டீக்கடை பெஞ்சில் நடந்த விவாதம் பல கல்லூரி வகுப்புகளைவிடத் தீவிரமாக இருந்தது. ‘வின்’, ‘பிளேஸ்’, ‘ஜாக்பாட்’ எல்லாம் சென்னைத் தமிழில் கலந்தன. ‘டிப்ஸ்’ கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களும் இருந்தார்கள். ஜாக்பாட் அடித்தவரின் கதை ஊரெல்லாம் பரவியது. தாலியை அடகு வைத்துக் குடும்பம் ஓட்டிய பெண்களின் கதை வீட்டுக்குள்ளேயே அடங்கிப்போனது.

சட்டம் ஓடிய மூன்று ஓட்டங்கள்

பந்தயத்தில் பணம் தொலைந்த குடும்பங்களின் கோபம்தான் சட்டமாக வந்தது. சூதாட்டத் தடைச் சட்டங்களில் குதிரைப் பந்தயத்துக்கு இருந்த விலக்கை நீக்க 1949-லேயே சென்னை மாகாணச் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. மதுவிலக்கு முழுவீச்சில் இருந்த காலம் அது. ஆனால், அந்தத் திருத்தம் கால் நூற்றாண்டுக் காலம் ஏட்டிலேயே தூங்கியது. 1974-ல் மு. கருணாநிதி ஆட்சியில் குதிரைப் பந்தயத்தையே ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. 1975 மார்ச் இறுதியில் பழைய திருத்தத்துக்கும் உயிர் கொடுக்கப்பட்டது. கிளப் நீதிமன்றம் போனது. இடைக்காலத் தடையின் நிழலில் குதிரைகள் தொடர்ந்து ஓடின.

அடுத்த முயற்சி 1986-ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். இம்முறை நிர்வாகச் சீர்கேட்டைக் காரணம் காட்டி, கிளப்பின் சொத்துகளையும் நடவடிக்கைகளையும் அரசே எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. இதில் இருந்த முரணை எவரும் உணரலாம். ஒரு சட்டம் பந்தயத்தைப் பாவம் என்கிறது. இன்னொரு சட்டம் அந்தப் பாவத்தை நானே நடத்துகிறேன் என்கிறது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இரண்டு முயற்சிகளையும் ஒரே தீர்ப்பில் முடித்துவைத்தது. குதிரையின் வம்சம், முந்தைய ஓட்டங்கள், ஜாக்கியின் தேர்ச்சி ஆகியவற்றை ஆராய்ந்தே பணம் கட்டப்படுகிறது. எனவே குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் ஆகாது என்றது நீதிமன்றம். 1986-ன் சட்டம் சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று செல்லாததாயிற்று.

கே.ஆர். லட்சுமணன் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிக்கும் அந்தத் தீர்ப்பின் வாழ்நாள் நீளமானது. ஆன்லைன் ரம்மியால் நிகழ்ந்த தற்கொலைகள் தமிழகத்தை உலுக்கியபோது அரசு தடைச் சட்டங்கள் கொண்டுவந்தது. எதிர்த்து வழக்காடிய நிறுவனங்கள் கையில் எடுத்த ஆயுதங்களில் கிண்டித் தீர்ப்பும் ஒன்று. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், எனவே அவற்றுக்குத் தடை பொருந்தாது என்றது. கிண்டிப் புல்தரையில் ஓடிய குதிரை, செல்பேசித் திரைக்குள்ளும் ஓடியது. ஒழுக்கத்தின் பெயரால் அவசரமாக எழுதப்பட்ட சட்டம், தோற்கும்போது எதிராளிக்கு எவ்வளவு பெரிய பரிசைக் கொடுத்துவிட்டுப் போகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

மூன்றாவது ஓட்டத்தில்தான் அரசு சரியான பாதைக்கு வந்தது. பந்தயம் நல்லதா கெட்டதா என்ற வாதத்தை விட்டுவிட்டு, நிலம் யாருடையது, வாடகை எங்கே என்று கேட்டது. வாடகையை 1970 முதல் உயர்த்தி அனுப்பிய கேட்பை எதிர்த்துக் கிளப் தொடுத்த வழக்கில், 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் 730.86 கோடி ரூபாயை ஒரு மாதத்தில் செலுத்தும்படி உத்தரவிட்டார். குதிரைப் பந்தயத்தில் ‘ஹேண்டிகேப்’ என்றொரு முறை உண்டு. வலுத்த குதிரையின் சேணத்தில் அதிக எடையைச் சேர்ப்பார்கள், இளைத்த குதிரைக்குக் குறைப்பார்கள். அப்போதுதான் போட்டி நியாயமாக இருக்கும். நிலத்தின் விஷயத்தில் நம் அரசுகள் அரை நூற்றாண்டுக்கு மேல் இதைத் தலைகீழாகச் செய்திருக்கின்றன. வேளச்சேரியில் ஒற்றை அறைக்குக் குடித்தனக்காரர் கொடுத்த ஒரு மாத வாடகையைவிட, 160 ஏக்கருக்கு வாங்கிய ஓராண்டு வாடகை குறைவு. இதற்குக் கிளப் மட்டும் பொறுப்பா? குத்தகைக் கோப்பைத் திறந்து பார்க்காமல் விட்ட எல்லா ஆட்சிகளுக்கும் இதில் பங்கு உண்டு.

வையை அழைத்த படலம்

கிண்டி ரேஸ்கோர்ஸை ஒட்டி ‘ஐந்து பர்லாங் சாலை’ என்று ஒரு சாலை இருக்கிறது. பர்லாங் என்பது இன்றும் குதிரைப் பந்தயத்தில் புழங்கும் அளவு. ஐந்து பர்லாங் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் இந்தச் சாலையோரம் கட்டுமானத்துக்காகத் தோண்டிய பெரும்பள்ளம் சரிந்து, இருவர் சிக்கி உயிரிழந்தனர். உடலை மீட்கவே நாட்கணக்கில் ஆயிற்று. 2015-லும் 2023-லும் வேளச்சேரி எப்படி மிதந்தது என்பதைச் சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரேஸ்கோர்ஸும் அதையொட்டிய கிண்டிக் காடும் மழைநீர் இறங்குவதற்கு மிச்சமிருக்கும் பெரிய மண்பரப்பு. இந்த இடத்தில் சென்னை மாநகராட்சி குளங்கள் வெட்டியது நல்ல முடிவு. குதிரை குப்புறத் தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்ததாம் என்று கிளப் உறுப்பினர்கள் அலுத்துக்கொள்ளலாம். ஆனால், இந்த நகரத்துக்கு அந்தக் குழி தேவை.

திருவிளையாடல் புராணத்தில் குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொருளை வாதவூரர் இறைபணிக்குச் செலவிட்டதும், நரிகள் பரிகளாகி வந்ததும் நாம் அறிந்த கதை. அதற்கு அடுத்த படலத்தின் பெயரைப் பலர் மறந்துவிடுகிறோம்: ‘பரி நரியாக்கி வையை அழைத்த படலம்’. குதிரைகள் மறுபடி நரியானதும் வெள்ளம் வருகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வர வேண்டும் என்று மன்னன் பங்கு பிரிக்கிறான். கிண்டியிலும் நாம் நிற்பது இந்த இடத்தில்தான். பரி போனபின் அந்த இடத்துக்கு நரி வந்தால் வெள்ளமும் வரும். கரை அடைக்கும் வேலை, அந்தக் கதையில் பிட்டு விற்ற வந்திக் கிழவி போன்ற ஏழைகள் தலையில்தான் விழும்.

நரி எந்த உருவில் வரும்? அடுக்குமாடி கட்டும் நிறுவனத்தின் உருவில் வந்தால் அடையாளம் தெரிந்துவிடும்; மக்கள் எதிர்ப்பார்கள். நல்ல நோக்கத்தின் உருவில் வருவதுதான் ஆபத்து. பக்கத்திலிருக்கும் கிண்டிக் காட்டையே பாருங்கள். 1910-ல் காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்டபோது அது ஏறத்தாழ 505 ஹெக்டேர். அதிலிருந்து ஐ.ஐ.டி.க்குக் கொடுத்தோம். காந்தி மண்டபத்துக்கும் ராஜாஜி, காமராஜர் நினைவிடங்களுக்கும் கொடுத்தோம். இன்னும் பல கல்வி நிலையங்களுக்கும் துறைகளுக்கும் கொடுத்தோம். ஒன்றையாவது தவறான காரணம் என்று சொல்ல முடியுமா? 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது எஞ்சியது 270 ஹெக்டேர் சொச்சம். நல்ல காரணங்களாலேயே பாதிக் காட்டை இழந்திருக்கிறோம். கிண்டி மைதானத்தில் நாளை ஒரு மருத்துவமனை, நாளை மறுநாள் ஒரு நூலகம், அதற்கடுத்து ஒரு மெட்ரோ நிலையம் என்று கோரிக்கைகள் வந்தால், எந்த அமைச்சர் மறுப்பார்?

மற்ற மைதானங்கள் என்ன ஆயின?

தமிழகத்தில் ரேஸ்கோர்ஸ் என்ற பெயர் நான்கைந்து ஊர்களில் இருக்கிறது. கோவையில் குதிரை ஓடிய வட்டம் இன்று இரண்டரைக் கிலோமீட்டர் நடைபாதை. காலையும் மாலையும் ஊரே அங்கே நடக்கிறது. ஆனால், வட்டத்தைச் சுற்றித்தான் நடக்க முடியும். உள்ளே அலுவலகங்களும் கட்டடங்களும். மதுரையில் ரேஸ்கோர்ஸ் மைதானம் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கமானது. திருச்சியில் சாலைக்குப் பெயர் மிஞ்சியது.

உதகையின் கதை இன்னும் சிக்கலானது. ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டுவித்த ஏரியின் பழைய பரப்பிலிருந்து எடுத்த இடத்தில்தான் பேருந்து நிலையமும் ரேஸ்கோர்ஸும் வந்தன. ஏரியின் நிலம் குதிரைக்குப் போனது. கோடைக்காலப் பந்தயங்கள் மலர்க் கண்காட்சியைப் போலவே சீசனின் அடையாளமாயின. பெருமழை நாட்களில் தண்ணீர் தன் பழைய முகவரியைத் தேடி அங்கேயே வந்து நிற்கிறது. சூழல் பூங்கா அமைப்பதாகச் சொல்லப்படும் அந்த இடத்தின்மேல், சீசனுக்கு வரும் வாகனங்களை நிறுத்த இடமில்லாத ஊரின் கண் எப்போதும் இருக்கும். வாகன நிறுத்தம் என்பது நரியின் இன்னொரு வேடம்.

கொழும்பு ரேஸ்கோர்ஸ் இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுபாதையானது. 1942 ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்களை எதிர்க்க அங்கிருந்து போர் விமானங்கள் கிளம்பின. இன்று அதில் ரக்பி திடலும், பழைய பார்வையாளர் மாடத்தில் கடைகளும் இருக்கின்றன. மும்பை வேறொரு வழியைத் தேர்ந்தது. மகாலட்சுமி ரேஸ்கோர்ஸின் 211 ஏக்கரில் 120 ஏக்கரைப் பொதுப் பூங்காவுக்கு வாங்கிக்கொண்டு, மிச்சத்தைக் கிளப்புக்கே புதிய குத்தகையில் விட 2024-ல் முடிவானது. ஹாங்காங்கின் ஹேப்பி வேலியில் பாதையைச் சுற்றிக் குதிரைகள் ஓட, நடுத் திடலில் பொதுமக்கள் கால்பந்து ஆடுகிறார்கள். கிண்டியில் கிளப்பே முன்வந்து நடுத் திடலை ஊருக்குத் திறந்துவிட்டிருந்தால், இன்று அதன் பக்கம் பேசச் சாதாரண மக்களும் நான்கு பேர் இருந்திருப்பார்கள்.

சிங்கப்பூரின் வழியில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. 1842-லிருந்து நடந்துவந்த குதிரைப் பந்தயத்தை நிறுத்தப்போவதாக அந்த அரசு 2023 ஜூனில் அறிவித்தது. கடைசிப் பந்தயம் 2024 அக்டோபரில் ஓடியது. இடைப்பட்ட பதினாறு மாதங்களில் குதிரைகளை வெளிநாட்டுக்கு அனுப்பவும் ஊழியர்களுக்கு வேறு வழி காட்டவும் திட்டமிட முடிந்தது. இங்கே லாயத்தில் குதிரைகள் கட்டியிருக்கும்போதே வாசலுக்குச் சீல் வைத்தோம். குதிரைக்குத் தண்ணீர் காட்டிப் புல் போடும் தொழிலாளியிடம் 730 கோடி பாக்கி இல்லை. தலைமுறையாகக் குதிரைத் தொழிலை மட்டுமே அறிந்தவர்கள், ஜாக்கிகள், லாடம் அடிப்பவர்கள் எல்லாரும் இந்த வழக்கில் கட்சிக்காரர்களாக இல்லை. ஆனால் தீர்ப்பு அவர்கள்மேல்தான் முதலில் விழும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, சட்டப் பாதுகாப்பு. இப்போது நடந்திருப்பவை எல்லாம் அரசாணைகள். ஓர் அரசாணை கொடுத்ததை இன்னோர் அரசாணை எடுத்துக்கொள்ளும். கிண்டி நிலம் திறந்தவெளியாகவும் நீர்ப்பிடிப்பாகவும் மட்டுமே இருக்க வேண்டும், சட்டமன்றத்தில் விவாதித்து ஒப்புதல் பெறாமல் ஒரு சென்ட் நிலத்தின் பயன்பாட்டைக்கூட மாற்றக் கூடாது என்று தனிச் சட்டம் வேண்டும். சென்னைப் பெருநகருக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிவரும் நேரத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும்.

இரண்டாவது, வாசல். அரசுப் பூங்கா என்றாலே சுற்றுச்சுவர், டிக்கெட் கவுன்ட்டர், சிமென்ட் நடைபாதை, ஜிப்லைன் என்றாகிவிட்டது. கதீட்ரல் சாலையில் 2024-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவுக்குள் போகப் பெரியவர்களுக்கு 100 ரூபாய் கட்டணம் வைத்தார்கள். நாலு பேர் உள்ள குடும்பம் அங்கே ஒரு மாலை செலவிடுவது அவ்வளவு எளிதா? கிளப்பின் கதவை உடைத்து அங்கே கட்டணக் கதவு வைப்பதற்கு, இத்தனை ஆண்டு வழக்குத் தேவையில்லை. கிண்டி இலவசமாக இருக்க வேண்டும். பெரும்பகுதி மண்ணும் புல்லும் தண்ணீருமாகவே இருக்க வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. கிளப்புகள், சங்கங்கள், அறக்கட்டளைகள், நிறுவனங்கள் என்று யார் யாரிடம் அரசு நிலம் எத்தனை ஏக்கர் குத்தகையில் இருக்கிறது, வாடகை எவ்வளவு, கடைசியாக எப்போது உயர்த்தப்பட்டது என்று மாவட்ட வாரியாக வெள்ளை அறிக்கை வெளியிட வேண்டும். ஒரு கிளப்பிடம் மட்டும் கறாராக இருந்துவிட்டு மற்றவர்களிடம் பாராமுகமாக இருந்தால், 1986 சட்டத்தை வீழ்த்திய அதே சமத்துவக் கேள்வி மறுபடி எழும்.

நான்காவது, மனிதர்களும் பிராணிகளும். பந்தயம் எப்போது நின்றாலும், அதற்கு முன்பே தொழிலாளர்களின் மறுவாழ்வுக்கும் குதிரைகளின் பராமரிப்புக்கும் எழுத்துபூர்வமான திட்டம் இருக்க வேண்டும். அதோடு, கிளப்பிடம் உள்ள பழைய பதிவேடுகள், பந்தயப் புத்தகங்கள், புகைப்படங்கள் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். துரைமார்களும் ஜமீன்தார்களும் சம்பளத்தைத் தொலைத்த குமாஸ்தாக்களும் சேர்ந்து எழுதிய சென்னை வரலாறு அது.

1949, 1974, 1986 என்று மூன்று முறை சட்டமன்றம் கிண்டிக்காகச் சட்டம் இயற்றியது. மூன்றும் பந்தயத்தையும் அதை நடத்துவோரையும் பற்றியவை. அவற்றில் ஒன்றுகூட நில வாடகையைக் கேள்வி கேட்கவில்லை என்பதால்தான் 614 ரூபாய் வாடகை யார் கண்ணிலும் படாமல் அத்தனை காலம் நீடித்தது. நான்காவது சட்டம் நிலத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். அதைக் கொண்டுவருவதற்கு எந்த நீதிமன்றத் தீர்ப்புக்காகவும் அரசு காத்திருக்க வேண்டியதில்லை.